வேலைக்குப் போகும் வழியில் விபத்து: இழப்பீடு எப்போது கிடைக்கும்?

காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் நிறுவனத்தின் லாரியில் ஏறிய ஊழியருக்கு விரைவுச்சாலையில் நேர்ந்த மோதலில் கை முறிந்தால், சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி அவர் இழப்பீடு கோரலாம். அவரே மறுநாள் லாரியைத் தவறவிட்டுப் பொதுப் பேருந்தில் போய் அதே சாலையில் அடிபட்டால், பொதுவாகக் கோர முடியாது. இரண்டும் வேலைக்குப் போகும் பயணந்தானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சட்டம் பார்ப்பது, வண்டி யாருடைய ஏற்பாடு என்பதைத்தான்.

ஊழியர் முதலாளியின் அனுமதியோடு பயணியாகச் சென்றிருக்க வேண்டும். வண்டியை முதலாளியோ, அவருடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி வேறொருவரோ ஓட்டியிருக்க வேண்டும். அது பொதுப் போக்குவரத்துச் சேவையாக ஓடும் வண்டியாக இருக்கக் கூடாது. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, நாள்தோறும் ஏற்றிச்செல்லும் வழக்கமே அதைக் காட்டிவிடும். வாடகைக்கு அமர்த்திய தனியார் பேருந்தும் இதில் அடங்குவதால், வண்டியில் நிறுவனத்தின் பெயர் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். எம்ஆர்டி ரயில், சொந்த மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றில் வேலைக்குப் போய்வருவது பொதுவாக அடங்காது. ஆனால் வேலை நேரத்தில் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கோ, பொருள் வாங்கிவரவோ மேற்பார்வையாளர் அனுப்பினால் அந்தப் பயணமே வேலையாகிவிடுகிறது. அப்போது எம்ஆர்டியில் சென்றிருந்தாலும் கோரலாம்.

கோரிக்கைகள் சிக்கலுக்குள்ளாகும் இடம் பெரும்பாலும் மருத்துவமனைதான். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்கும்போது, வலியிலும் பயத்திலும் "விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் குறிப்பில் அதுவே பதிவாகும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. நிறுவன லாரியில் வேலைக்குப் போகும்போது நடந்த விபத்து என்று முழுதாகச் சொல்லுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல் வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பினால், எப்போது தெரிவித்தீர்கள் என்ற கேள்விக்கு அதுவே சான்று.

விபத்தால் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ தரப்பட்டால், முதலாளி தமக்குத் தகவல் தெரிந்த 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கவில்லை என்றால் ஊழியரே நேரடியாக அமைச்சிடம் தெரிவிக்கலாம். வெளிநோயாளியாகப் பெறும் விடுப்பில் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளமும், அதற்குப் பிறகு விபத்து நடந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்கும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவின் உச்சவரம்பு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). யார்மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

கோரிக்கையை விபத்து நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். இதற்கிடையே வேலை அனுமதி ரத்தானாலும் உரிமை போகாது. மோதிய வண்டியின் ஓட்டுநர்மீது வழக்குத் தொடுக்கும் வழியும் உண்டு, ஆனால் ஒரே காயத்துக்கு இரண்டு வழியிலும் பணம் பெற முடியாது. ஆகவே எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன், எந்த வழி உங்களுக்கு ஏற்றது என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.