சிட்னி ஒயிட் ராபிட் கேலரிக்குப் போகுமுன்

2000-க்குப் பிந்தைய சீனக் கலைக்கென்றே 2009-இல் திறந்த இடம். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, அனுமதி இலவசம். புதன் முதல் ஞாயிறு வரை, காலை 10 முதல் மாலை 5 மணி வரை. ஆண்டுக்கு இருமுறை மொத்தக் கட்டடத்தையும் காலி செய்து புதுக் காட்சி வைப்பார்கள். அந்த வாரங்களில் பூட்டியிருக்கும், தேதி பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

வீடியோ என்றால் முதலில் அது ஓடும் நேரத்தைப் பாருங்கள். பாதியில் உட்கார்ந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. சீனக் கலைஞர் யாங் யோங்லியாங்கின் படைப்பு கண்ணில் பட்டால் எட்ட நின்று பார்த்துவிட்டுக் கிட்டே போங்கள்: மையில் வரைந்த மலை போலத் தெரிந்தது, கிரேன்களும் அடுக்குமாடிகளுமாக ஒட்டுப்போட்ட புகைப்படங்கள். தொடாதீர்கள். கால் கடுத்தால் தரைத்தளத் தேநீரகத்தில் டம்ப்ளிங் கிடைக்கும்.