ஜாஸ் பேஸ் கிதாரில் இரைச்சலா? செப்பு டேப் ஒட்டுங்கள்

கம்பியைத் தொட்டால் அடங்கி, கையை எடுத்ததும் திரும்பி வரும் இரைச்சல்தான் உங்கள் பிரச்சினை என்றால் இது நன்றாகவே உதவும். பசையும் மின்சாரம் கடத்துகிற செப்பு டேப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

கன்ட்ரோல் பிளேட்டை (திருகு குமிழ்கள் இருக்கும் உலோகத் தகடு) கழற்றி, வயரிங்கை போட்டோ எடுத்துவிட்டு (சோம்பேறித்தனத்தில் இதை விடாதீர்கள்) பாட் (குமிழுக்கு அடியில் உள்ள வால்யூம், டோன் கட்டுப்பாடு), ஜாக் (கேபிள் செருகும் இடம்) எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். குழியின் அடியிலும் சுவரிலும் டேப் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டி, மேல் விளிம்பு வரை மடித்துவிட்டால் உலோகப் பிளேட் அதன்மேல் உட்கார்ந்து எல்லாம் ஒரே மூடிய பெட்டி ஆகிவிடும். மல்டிமீட்டரில் எந்த இரண்டு துண்டைத் தொட்டாலும் பீப் வரவேண்டும், வராத இடத்தில் ஒரு சொட்டு சால்டர். அப்புறம் டேப்பிலிருந்து வால்யூம் பாட்டின் முதுகுக்கு ஒரு கிரவுண்ட் வயர்.

ஜாக்கின் ஹாட் முனை (சிக்னல் போகும் முனை) பிளக்கைச் செருகும்போது வெளியே வளையும். செப்பில் பட்டால் சத்தமே வராது, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் போடுங்கள்.

ஒரு பிக்கப்பை (கம்பியின் அதிர்வை சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) மட்டும் திறந்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம் வேறு விஷயம். அது காந்தப்புலத்தால் வருவது, செப்புக்கு அடங்காது. இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் பெரும்பாலும் குறையும், இல்லையென்றால் ஹம் கேன்சலிங் பிக்கப்தான் வழி.