பெரிய க்ரூஸ் கப்பல்களில் இடத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய க்ரூஸ் கப்பல் எதைப் பற்றிப் படித்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய எண்தான். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். 2022-இல் வந்த எம்எஸ்சி வேர்ல்ட் யூரோப்பா 2,15,863 டன். இதைப் பார்த்து, "இவ்வளவு பெரிய கப்பலில் இடத்துக்கு என்ன பஞ்சம்" என்று பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். "ஐயோ, அத்தனை ஆயிரம் பேரா" என்று ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. மொத்தம் எவ்வளவு இடம் என்பதைவிட, அந்த இடம் கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது, யார் நுழையலாம், எந்த நேரத்தில் எத்தனை பேர் அங்கே சேர்கிறார்கள் என்பவைதான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும். நிறையப் பணம் போட்டு, வருடத்தில் கிடைக்கும் கொஞ்சம் விடுமுறையையும் போட்டுப் போகிற பயணம் இது. அதனால் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது முக்கியம்.

டன்னை அப்படியே நம்புவது

இங்கே சொல்லப்படும் டன் கப்பலின் எடை இல்லை. கப்பலுக்குள் மூடப்பட்ட எல்லா இடங்களின் கன அளவையும் கூட்டி, 1969-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை தந்த சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண். கிராஸ் டன்னேஜ் என்பார்கள். இன்றைய ராட்சதக் கப்பல்களில் ஒரு டன் ஏறக்குறைய 3 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். டைட்டானிக்கின் 46,328 டன் இதற்கு முந்தைய முறையில், 100 கன அடியை ஒரு டன்னாகக் கொண்டு அளந்தது. "ஐகான் டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்கு" என்பதைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம், இந்த எண்ணுக்குள் எது சேர்கிறது, எது சேராது என்பது. என்ஜின் அறை, ஊழியர்களின் கேபின்கள், சமையல் கூடங்கள், சேமிப்பு அறைகள் எல்லாம் சேரும். பயணி ஒருபோதும் காலெடுத்து வைக்காத இடங்கள் இவை. வானம் பார்த்த டெக்கும் திறந்த பால்கனியும் சேராது. அதாவது, காற்று வாங்கிக்கொண்டு நடக்க அகலமான திறந்த தளம் வைத்த கப்பலுக்கு இந்தக் கணக்கில் எந்தப் பாராட்டும் கிடையாது.

புதிய கப்பல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐகான், வேர்ல்ட் யூரோப்பா, கார்னிவலின் மார்டி கிரா போன்றவை திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. அதே அளவு ஆற்றலுக்கு இந்த எரிபொருள் வழக்கமான கப்பல் எண்ணெயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கேட்கும். தொட்டிகளைச் சுற்றிக் கனமான காப்பு அடுக்கும் வேண்டும். அவையும் கப்பலின் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன. அதனால் பழைய கப்பலையும் புதிய கப்பலையும் டன்னை வைத்து நேருக்கு நேர் நிறுத்தினால், வித்தியாசம் முழுவதும் பயணிக்கு வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

தவறான ஆள் எண்ணிக்கையால் வகுப்பது

டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று வரும். கப்பல் வட்டாரத்தில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு இதுதான், பயனுள்ளதும்கூட. ஆனால் மிக அதிகமான குழப்பம் நடப்பதும் இங்கேதான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டு வருவது ஒன்று. சோபா படுக்கை, மேல் படுக்கை எல்லாம் நிரம்பினால் வருவது இன்னொன்று. ஐகானுக்கு முதலாவது 5,610, இரண்டாவது 7,600. முதல் எண்ணால் வகுத்தால் ஆளுக்கு 44 டன். இரண்டாவதால் வகுத்தால் 33-க்கும் கீழே. வேர்ல்ட் யூரோப்பாவில் 2,626 கேபின்கள். இருவர் கணக்கில் 41, அதிகபட்சமான 6,762 பேர் ஏறினால் 32. டிஸ்னி விஷ் இன்னும் தெளிவான உதாரணம். சுமார் 1,44,000 டன், 1,254 கேபின்கள். இருவர் கணக்கில் 57 வரும். பிரமாதமான எண். ஆனால் அந்தக் கப்பல் குடும்பங்களுக்காகவே கட்டப்பட்டது. அதிகபட்சம் 4,000 பேர் வரை ஏறலாம், அப்போது 36 ஆகிவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் நிறைந்த கப்பலில் உண்மை நிலவரம் இந்த இரண்டாவது எண்ணை நோக்கித்தான் நகரும்.

விற்பனைப் பக்கங்கள் பெரும்பாலும் இருவர் கணக்கைத்தான் காட்டும். விமர்சனம் எழுதுபவர்கள் அதிகபட்சத்தை எடுப்பார்கள். ஒரு கப்பலுக்கு இதையும் இன்னொன்றுக்கு அதையும் எடுத்து ஒப்பிட்டால் எந்தக் கப்பலையும் நல்லதாகவோ மோசமாகவோ காட்டிவிடலாம். "கேபினுக்கு இருவர்தானே வழக்கம்" என்றும் தோன்றலாம். ஐகானை நடத்தும் ராயல் கரீபியன் நிறுவனம் 2024-இல் காட்டிய நிரம்பல் விகிதம் 108 சதவீதத்துக்கு மேல். 100 என்பது இருவர் கணக்கு என்பதால், ஆண்டு முழுவதுமான சராசரியே அதைத் தாண்டுகிறது என்று அர்த்தம். பள்ளி விடுமுறை வாரங்களில் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர், பெரியவர்களுக்கு மட்டுமான கப்பல்கள். வர்ஜின் வாயேஜஸின் ஸ்கார்லெட் லேடி சுமார் 1,10,000 டன், 2,770 பயணிகள். ஆளுக்கு 40-ஐ ஒட்டித்தான் வருகிறது, காகிதத்தில் ஐகானைவிடக் குறைவு. ஆனால் அங்கே குழந்தைகளே கிடையாது, கேபினில் மூன்றாவது நான்காவது ஆள் ஏறுவது அரிது. அதனால் அந்த 40 கோடை விடுமுறையிலும் ஏறக்குறைய 40-ஆகவே இருக்கும். ஐகானின் 44 அந்த வாரங்களில் இறங்கிவிடும். இரண்டு எண்களையும் எழுதி வைத்து, நீங்கள் போகும் வாரத்தில் கப்பல் எதற்கு அருகில் இருக்கும் என்று யோசிப்பதுதான் நியாயமான ஒப்பீடு.

எல்லா இடமும் எல்லோருக்கும் என்று நினைப்பது

சராசரி சமமாகப் பங்கு போட்ட மாதிரி ஒரு தோற்றம் தரும். இன்றைய பெரிய கப்பல்களில் பங்கீடு அப்படி இல்லை. எம்எஸ்சி நிறுவனக் கப்பல்களில் யாட் கிளப், நார்வீஜியனில் தி ஹேவன், செலிப்ரிட்டியில் தி ரிட்ரீட் என்று, சூட் எனப்படும் விலை கூடிய பெரிய அறைகளை வாங்கியவர்களுக்கு மட்டுமான பகுதிகள் இருக்கின்றன. அவர்களுக்குத் தனி உணவகம், தனி ஓய்விடம், தனி வெயில் தளம். பெரும்பாலும் இவை கடல் நன்றாகத் தெரியும் இடங்களில், மேல்தளங்களின் முன்பக்கமோ பின்பக்கமோ அமைந்திருக்கும்.

இதில் தப்பில்லை, அதற்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் சாதாரண கேபின் வாங்குபவர் இந்த இடங்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டால் ஏமாந்துபோவார். நான் எப்போதும் சொல்வது, தள வரைபடத்தைத் திறந்ததும் முதல் வேலையாக உங்கள் கேபின் அட்டை திறக்காத கதவுகளை எல்லாம் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அப்புறம், தனிக் கட்டணம் கேட்கும் இடங்கள், அதாவது வெப்ப அறைகள் கொண்ட ஸ்பா, பெரியவர்களுக்கான கட்டண வெயில் தளம் போன்றவை. போக மாட்டீர்கள் என்றால் அவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் கப்பல்.

எண் நன்றாக இருந்தால் நெரிசல் இருக்காது என்று நம்புவது

இந்தத் தவறைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். கவனமாகக் கணக்குப் போட்டவர்களும் இதில் விழுகிறார்கள்.

2022-இல் வந்த நார்வீஜியன் பிரைமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,43,000 டன், இருவர் கணக்கில் 3,100 பேர், ஆளுக்கு 46. இந்த அளவுக் கப்பல்களில் நல்ல எண். ஆனால் மேல்தளங்களில் மூன்று அடுக்குக் கார் பந்தயத் தடம், சறுக்குகள், தி ஹேவன் என்று பலவும் இடம் பிடித்துவிட்டதால், நடுவில் இருக்கும் முதன்மை நீச்சல் குளமும் அதைச் சுற்றிய வெயில் நாற்காலிகளும் 3,000 பேருக்குச் சிறியவை. கடலிலேயே கழியும் வெயில் நாளில் அங்கே போய் நின்றால் 46 என்ற எண் எங்கே போனது என்று தோன்றும். அதே கப்பலின் 8-ஆவது தளத்தில் கப்பலையே சுற்றி வரும் ஓஷன் பூல்வார்டு என்ற திறந்த நடைபாதை இருக்கிறது. இரு பக்கமும் கடலைப் பார்த்த சிறு குளங்கள்கூட அங்கே உண்டு. வரைபடத்தைப் படித்துவிட்டு வந்தவர் நேரே அங்கே இறங்கிவிடுவார். ஒரே கப்பல், ஒரே நாள், இரண்டு பேருக்கு இரண்டு அனுபவம்.

எதிர்ப்பக்கம் ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பல்கள். 2009-இல் ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ் வந்தபோது அதன் மேல்கட்டமைப்பை நடுவில் பிளந்து, வானம் தெரியும் தோட்டத்தையும் பின்பக்கத்தில் போர்டுவாக் பகுதியையும் வைத்தார்கள். அழகுக்காக மட்டும் செய்ததில்லை இது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே குளத்தடியில் குவியாமல் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் ஏற்பாடும்கூட. ஐகானில் இது எட்டு வட்டாரங்களாக விரிந்தது. அதில் சர்ஃப்சைடு சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கானது. குளமும் சாப்பாடும் விளையாட்டும் அங்கேயே இருப்பதால் அந்தக் குடும்பங்கள் பகல் முழுக்க வேறு இடத்துக்கு நகர வேண்டிய தேவையே குறைவு. மற்ற இடங்கள் அந்த அளவுக்குக் காலியாகின்றன. மனிதர்கள் எங்கே நிற்க விரும்புவார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்த திட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் உண்மையான மதிப்பு உண்டு.

ஆக, ஆளுக்கு 46 உள்ள கப்பல் ஓரிடத்தில் நெரியலாம், அதைவிடக் குறைந்த எண் உள்ள கப்பல் இன்னோரிடத்தில் காற்றோட்டமாக இருக்கலாம். எந்த இடத்தில் உங்கள் பகல் பொழுது போகும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். குளத்தடியா, நூலகம் மாதிரியான அமைதியான மூலையா, நடைபாதையா? அந்த இடத்தை மட்டும் கப்பலுக்குக் கப்பல் ஒப்பிடுங்கள். குளங்களை எண்ணுவதில் பயனில்லை. ஐகானில் ஏழு குளங்கள் என்றால், ஏழின் அளவும் ஒன்றில்லை.

வரைபடத்தைப் படம் மாதிரிப் பார்ப்பது

தள வரைபடத்தில் வண்ணங்களையும் பெயர்களையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதை ஒரு நாளின் நேரப்படி ஓட்டிப் பாருங்கள். மாலை நிகழ்ச்சி முடிகிறது, அரங்கம் முன்பக்கம் இருக்கிறது, இரண்டாவது பந்திச் சாப்பாட்டுக்கு உணவகம் பின்பக்கம் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை தளங்களில் நேராக நடந்து போக முடியும்? ஒரே ஒரு தளம்தான், அதுவும் கடைகளுக்கும் காசினோவுக்கும் நடுவே புகுந்து போகிறது என்றால், அந்தக் கால் மணி நேரம் தினமும் நெரிசல்தான். சில கப்பல்களில் சமையல் கூடம் குறுக்கே வந்து ஒரு தளத்தையே இரண்டாக வெட்டிவிடும். பின்பக்க உணவகத்துக்குப் போக ஒரு தளம் ஏறி, நடந்து, மறுபடி இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

லிஃப்ட்களிலும் எண்ணிக்கை மட்டும் போதாது. எத்தனை இடங்களில் கூட்டமாக வைத்திருக்கிறார்கள், எல்லாம் மேல்தளம் வரை போகிறதா என்று பாருங்கள். உங்கள் கேபின் இரண்டு லிஃப்ட் கூட்டங்களுக்கு நடுவில் இருந்தால், ஒன்றில் வரிசை நின்றாலும் மற்றதற்குப் போகலாம்.

அப்புறம் மழை. குளத்தடியில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் எங்கே உட்காருவார்கள்? வெப்பமான கடல்களுக்கான கப்பலில் வெளி இடத்தை அதிகமாக வைத்து உள்ளிடத்தைச் சுருக்கியிருப்பார்கள். அதையே குளிர் கடலுக்குக் கொண்டுபோனால் இடம் பாதியாகிவிட்ட மாதிரி இருக்கும். பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஐயோனா இருவர் கணக்கில் 5,200 பேரை ஏற்றும் கப்பல். ஆளுக்கு 35 டன்தான், கேட்கக் குறைவாக இருக்கும். ஆனால் நார்வே பக்கம் போவதை மனதில் வைத்து, ஸ்கைடோம் என்ற கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஒரு குளத்தை வைத்திருக்கிறார்கள். மழை நாளிலும் அந்த இடம் கைவிட்டுப் போகாது. போகும் கடலைச் சேர்க்காமல் கப்பலை மட்டும் ஒப்பிடுவது பாதி ஒப்பீடுதான்.

கேபினின் சதுர அடி

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். கேபின் அளவில் பால்கனியைச் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். செலிப்ரிட்டி எட்ஜில் 2018-இல் வந்த இன்ஃபினிட் வராண்டா வகையில் தனியாகப் பால்கனி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. அறையின் கடல் பக்க ஓரமே பால்கனி, கண்ணாடியின் மேல்பாதி பொத்தானில் கீழே இறங்கும். அறை பெரிதாகத் தெரியும். ஆனால் கதவைத் திறந்து வெளியே போய் நிற்பது பிடித்தவருக்கு இது ஒத்துவராமல் போகலாம். ஓயாசிஸ் வகையில் பால்கனி என்ற பெயரில் உள்பக்கத் தோட்டத்தைப் பார்த்தவையும் உண்டு, அங்கே எதிரே தெரிவது இன்னொருவரின் பால்கனி. கேபினுக்கு மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். குளத்தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடிகாலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். அரங்கத்துக்கு மேலே இருந்தால் இரவு பாட்டு கேட்கும்.

பழைய எண்ணையும் தங்கைக் கப்பலின் எண்ணையும் எடுப்பது

கப்பல்கள் புதுப்பிக்கப்படும்போது கேபின்கள் கூடும். 1996-இல் வந்த கார்னிவல் டெஸ்டினி 2,642 பேருக்கானது. 2013-இல் அதை மாற்றிக் கட்டி கார்னிவல் சன்ஷைன் என்று பெயரிட்டபோது அது 3,002 பேருக்கான கப்பலானது, டன் கொஞ்சம்தான் கூடியது. ஆளுக்கு 38-ஆக இருந்தது 34-ஆக இறங்கியது. தங்கைக் கப்பல்கள், அதாவது ஒரே வகையில் கட்டிய கப்பல்களுக்குள்ளும் இப்படித்தான். பிரைமா வகையில் 2025-இல் வந்த நார்வீஜியன் அக்வா சுமார் 1,56,300 டன், 3,571 பேர். கப்பல் நீண்டிருக்கிறது, ஆளுக்கான கணக்கு 44-க்கு வந்திருக்கிறது, தளங்களும் மாறியிருக்கின்றன. பிரைமாவில் போனவர் சொன்னதை வைத்து அக்வாவில் கேபின் எடுக்க வேண்டாம். அக்வாவின் வரைபடத்தையே திறந்து, நீங்கள் போகும் தேதிக்கு அது செல்லுபடியாகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.