பாயின்ட் டூ டூ பேரல் க்ளீனிங்: எந்த ராடு, எந்த ப்ரஷ், எவ்வளவு தூரம்

பாயின்ட் டூ டூ, அதாவது 0.22 இன்ச் துளை உள்ள சின்ன ரைஃபிள் பேரல் சுட்டு சுட்டு தேயுறது ரொம்ப கம்மி, தப்பான ராடை தப்பான பக்கத்துல இருந்து விட்டு கெடுக்கிறதுதான் அதிகம். அதுக்காக க்ளீனே பண்ணாதீங்கன்னு சில சீனியர்ஸ் சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்வப்னில் குசாலே பாரிஸ் 2024ல வெண்கலம் வாங்குனாரே, அந்த 50 மீட்டர் டார்கெட்ல பத்து ரிங் மொத்தமே 10.4 மில்லிமீட்டர்தான், பேரல்ல கரி கட்டியிருந்தா அந்த சைஸுக்குள்ள குரூப், அதாவது குண்டு விழுற கூட்டம், நிக்காது.

அழுக்கு எங்க சேருதுன்னு தெரிஞ்சாதான் டூல் சரியா வாங்க முடியும். டார்கெட்டுக்கு சுடுற இந்த தோட்டால புல்லட் வெறும் ஈயம், மேல மெழுகோ கிரீஸோ தடவியிருக்கும், மத்த பெரிய ரைஃபிள் மாதிரி செம்பு ஜாக்கெட் கிடையாது. அதனால அம்மோனியா வாடை தூக்குற, செம்பு கறையை கரைக்கிற காப்பர் சால்வென்ட் நமக்கு தேவையே இல்ல, காசு வேஸ்ட். பேரல் முழுக்க இருக்கிற மெழுகும் மருந்து கரியும் ரெண்டு மூணு பேட்ச்ல, அதாவது ராடு முனைல மாட்டி விடுற துணித்துண்டுல, வந்துரும். பிரச்சனை பண்றது தோட்டா உக்கார்ற சேம்பர் முடிஞ்ச உடனே, கேஸ் (தோட்டாவோட கூடு) வாய் வந்து நிக்கிற இடத்துக்கு முன்னாடி வளையமா கட்டுற கரிதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சூட்டுல இறுகி இறுகி கல்லு மாதிரி ஆயிடும், பேட்ச் அது மேல வழுக்கிட்டு போயிடும், நீங்க பேட்ச் வெள்ளையா வருதேன்னு சந்தோஷப்படுவீங்க. டார்கெட் ரைஃபிள்ல லோடு பண்ணும்போதே புல்லட் ரைஃப்ளிங்கை, அதாவது பேரலுக்குள்ள சுருளா வெட்டியிருக்கிற வரியை, தொட்டுரும், சுடாத ரவுண்டை வெளிய எடுத்து பாத்தா ஈயத்துல சின்னதா வரி பதிஞ்சிருக்கும். அந்த இடத்துல கரி வளையம் இருந்தா புல்லட் பேரலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே சுரண்டுப்பட்டுரும். சேம்பரை பின்னாடி அடைக்கிற போல்ட்டை மூட வழக்கத்தை விட இறுக்கமா இருக்கு, காரணமே இல்லாம ஒண்ணு ரெண்டு ஷாட் வெளிய போகுதுன்னா முதல்ல இந்த இடத்தைத்தான் சந்தேகப்படணும்.

இப்ப ராடு. மூணு துண்டா மரை போட்டு சேக்கிற அலுமினிய ராடு செட் வாங்காதீங்க, விலை கம்மிதான், ஆனா ஜாயின்ட் விளிம்பு ரைஃப்ளிங்ல உரசும், அலுமினியம் மெத்துன்னு இருக்கிறதால மண்ணும் தூசியும் அதுலயே பதிஞ்சுக்கும். ஒரே துண்டா இருக்கிற ராடு வாங்குங்க, டூயி கம்பெனி மாதிரி கோட்டிங் போட்டதோ கார்பன் ஃபைபரோ எதுவா இருந்தாலும் சரி, பாயின்ட் டூ டூ சைஸ்தானான்னு பாத்துக்கோங்க. கைப்பிடில பேரிங் கட்டாயம் இருக்கணும், ராடு ரைஃப்ளிங்கோட சேர்ந்து தானா சுத்தணும் இல்லையா, இந்த பேரல்ல வரி 16 இன்ச்சுக்கு ஒரு சுத்து. ராடு வாங்குற காசோட போர் கைடுக்கும் (போல்ட் இடத்துல சொருகி ராடை பேரலுக்குள்ள நேரா விடுற குழாய்) சேர்த்து ஒதுக்குங்க, அது இல்லாம ராடு நேரா போகாது, நடுவுல வளைஞ்சு ஓரத்துல தேய்க்கும், சால்வென்ட்டும் ட்ரிக்கர்ல ஒழுகும்.

பேட்சை விட எனக்கு வி.எஃப்.ஜி. கம்பெனியோட ஃபெல்ட் (அமுக்குன கம்பளி) துண்டு பிடிக்கும், சுத்தி எல்லா பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும், அடாப்டர்ல ரெண்டா கோத்து விடுங்க. ப்ரஷ்ல நைலான் தினசரிக்கு, பித்தளை கலர்ல வர்ற பிரான்ஸ் ப்ரஷ் கரி வளையத்துக்கு மட்டும், ஸ்டீல் ப்ரஷ் எக்காரணம் கொண்டும் வேண்டாம். கயிறு மாதிரி இழுக்கிற போர் ஸ்னேக் ரேஞ்சுல அவசரத்துக்கு ஓகே, ஆனா கோணலா இழுத்தா க்ரவுன்ல, அதாவது பேரல் வாய் விளிம்புல, உரசும், துவைக்காம திரும்ப திரும்ப இழுத்தா பழைய அழுக்கைத்தான் உள்ள பூசுறீங்க. ரூகர் 10/22 மாதிரி பின்பக்கம் அடைச்சிருக்கிற, அடுத்த தோட்டாவை தானா ஏத்துற செமி ஆட்டோவுக்கு மட்டும் கயிறு டைப்தான் நல்ல வழி, முன்பக்கத்துல இருந்து ராடு விடுறதை விட அது எவ்வளவோ மேல்.

செய்யும்போது போல்ட்டை கழட்டி, சேம்பர் காலின்னு கண்ணால பாத்துட்டு, பேரல் வாய் கொஞ்சம் கீழ சாஞ்ச மாதிரி வைங்க. போர் கைடு போட்டு ஹாப்பிஸ் நம்பர் 9 மாதிரி சாதா சால்வென்ட்ல நனைச்ச ஃபெல்ட் ஒண்ணு சேம்பர் பக்கத்துல இருந்து விடுங்க, வாய்ல வெளிய வந்ததும் அங்கயே கழட்டிட்டு வெறும் ராடை மெதுவா இழுங்க, அழுக்கை திரும்ப உள்ள இழுத்துட்டு வரக்கூடாது. பத்து நிமிஷம் விட்டுட்டு காஞ்ச ஃபெல்ட் நாலஞ்சு விட்டா போதும், லேசா சாம்பல் கலர் வந்தா பரவால்ல, பளிச்சுன்னு வெள்ளை வர்ற வரைக்கும் தேய்க்காதீங்க. ஃபெல்ட்ல வெள்ளி மாதிரி மின்னுற செதில் வந்தா அது ஈயம், அப்ப நைலான் ப்ரஷ் சில தடவை விடுங்க.

கரி வளையத்துக்கு தனி வைத்தியம். கார்பன் ரிமூவர்ல நனைச்ச பிரான்ஸ் ப்ரஷை அந்த இடத்துல மட்டும் கால் மணி நேரம் ஊற வெச்சு, ராடை சுத்தி விட்டு, துடைச்சு எடுங்க. பேரல் நடுவுல வெச்சு ப்ரஷ் திசையை மாத்தாதீங்க, முடி மடங்கி மாட்டிக்கும். ஜே.பி. பேஸ்ட் அரைக்கிற சரக்கு, இது எதுக்கும் அசையலன்னா மட்டும், தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கும்போது தொடுங்க. உள்ள கேமரா விட்டு பாக்கிற போர்ஸ்கோப் இப்ப மலிவா கிடைக்குது, க்ளப்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கிடுங்க, யூகத்துல தேய்க்கிறது பாதி குறைஞ்சிரும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் காத்து அடிக்கிற ஊர்ல இருந்தா பூட்டி வைக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் தொட்ட ஃபெல்ட் ஒண்ணு விட்டுருங்க. அடுத்த தடவை சுடுறதுக்கு முன்னாடி காஞ்ச ஃபெல்ட்ல அந்த எண்ணெயை, முக்கியமா சேம்பர்ல இருக்கிறதை, துடைச்சாகணும், இல்லன்னா முதல் சில ஷாட் எங்கயோ போகும். துடைச்சாலும் புது பேரல் மாதிரி சுத்தமா இருக்கிறதால மெழுகு படிஞ்சு செட் ஆக பத்து பதினஞ்சு ஷாட் ஆகும், அதனால மேட்ச்சுக்கு முந்தின நாள் ராத்திரி டீப் க்ளீன் பண்ணாதீங்க. தோட்டா பிராண்டு மாத்தினாலும் இதே கதைதான், ஒவ்வொருத்தர் மெழுகும் வேற.

ஏர் ரைஃபிளுக்கு இதுல எதையும் அப்படியே செய்யாதீங்க, சால்வென்ட் சீலை கெடுத்துரும், காஞ்ச ஃபெல்ட் மட்டும் போதும். ஈயம் கையில ஒட்டும்கிறதால க்ளவுஸ் போடுங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கழுவுங்க, டீ டம்ளரை அந்த டேபிள் பக்கமே கொண்டு வராதீங்க.