அப்பாவுக்கு மாரடைப்பா என்று யார் கேட்கலாம்?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு கத்தைப் படிவங்கள் வந்து சேரும். மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு, உடல்நலத் திட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடாதீர்கள். ‘பெற்றோருக்கு இதயநோய் உண்டா, புற்றுநோய் உண்டா’ என்று கேட்பது யார் என்பதை முதலில் பாருங்கள்.

மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2008-இல் வந்த ஜினா (GINA) சட்டத்தின்படி டிஎன்ஏ சோதனை முடிவு மட்டுமல்ல, குடும்பத்தாரின் நோய் விவரமும் மரபணுத் தகவல்தான். அதைக் காட்டி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் உங்களைச் சேர்க்க மறுக்கவோ பிரீமியத்தை ஏற்றவோ முடியாது. 15 பேராவது வேலை பார்க்கும் நிறுவனம் அதை வைத்து ஆளை எடுக்கவோ நீக்கவோ கூடாது. சேரும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கேட்கவும் கூடாது. நீங்கள் எந்த விசாவில் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

அலுவலகத்தின் ‘வெல்னஸ்’ (உடல்நலத் திட்டம்) படிவத்தில்தான் பலர் சறுக்குவது. நிரப்பினால் பரிசுக்கூப்பன் என்று இருக்கும். குடும்ப நோய்க் கேள்விகளை அப்படியே காலியாக விடுங்கள். அவற்றுக்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரிசைத் தந்தாக வேண்டும். உங்கள் சொந்த டாக்டர் கேட்டால் மட்டும் எதையும் மறைக்காதீர்கள், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் மீறுபவர்கள் இருக்கிறார்களா? அட்லாண்டா பக்கம் ஒரு கிடங்கில் யாரோ மலம் கழித்துவிட்டுப் போக, ஆளைக் கண்டுபிடிக்க நிர்வாகம் இரண்டு ஊழியர்களிடம் டிஎன்ஏ சோதனைக்காகக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மாதிரி எடுத்தது. இருவரும் அந்த ஆள் இல்லை. 2015-இல் ஜூரி அவர்களுக்குத் தரச் சொன்னது 22 லட்சம் டாலருக்கு மேல்!

இனி இந்தச் சட்டத்தில் உள்ள ஓட்டைக்கு வருவோம். ஆயுள் காப்பீடு, ஊனமுற்றால் சம்பளம் தரும் காப்பீடு, முதுமைக்கால நீண்டநாள் பராமரிப்புக் காப்பீடு, இவை மூன்றையும் ஜினா தொடுவதே இல்லை. புளோரிடா 2020-இல் இவற்றிலும் டிஎன்ஏ சோதனை முடிவைப் பயன்படுத்தத் தடை போட்டது; இன்னும் சில மாநிலங்களில் ஓரளவு கட்டுப்பாடு உண்டு. மற்றபடி டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு) விற்பவர் உங்கள் அப்பாவுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று தாராளமாகக் கேட்கலாம். அங்கே பொய் சொன்னால், முதல் இரண்டு வருடத்துக்குள் இறப்பு நேர்ந்தால் பழைய மருத்துவப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்துப் பணத்தை மறுத்துவிடுவார்கள். என் யோசனை இதுதான்: அவசர மருத்துவத் தேவை இல்லையென்றால் டெர்ம் பாலிசியை முதலில் முடியுங்கள், அப்புறம் டிஎன்ஏ சோதனை. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கும் எச்சில் சோதனைக் கிட்டுக்கும் இதே வரிசைதான்.

உங்களுக்கே ஏற்கெனவே வந்துவிட்ட நோயை வைத்துப் பாகுபாடு காட்டினால் ஜினா உதவாது. வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் ஏடிஏ சட்டமும், மருத்துவக் காப்பீட்டில் ஒபாமாகேர் எனும் காப்பீட்டுச் சட்டமும்தான் துணை.

வேலையிடத்தில் பாகுபாடு நடந்தால் ஈஈஓசி எனும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பல மாநிலங்களில் 300 நாள். எச்ஆரிடம் முறையிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் இந்த நாள்கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.