சுவரைப் பார்த்து நூல் வாங்குங்கள்: குரோஷா பூக்களுக்கு நிறம் தேரும் முறை

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவில் பூ பின்னக் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் கடை அலமாரியில் எந்த நூல்கண்டு கண்ணைப் பறிக்கிறதோ அதை வாங்கி வந்து, பின்னி முடித்த பிறகுதான் அந்தப் பூவை வீட்டில் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பூ இருக்கப்போகும் இடத்தை முதலில் முடிவு செய்து, அங்குள்ள சுவர், தரை, வெளிச்சம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே நூலுக்குப் போக வேண்டும்.

கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் ஆசாரத்துக்காக, அதாவது முன்கூடத்துக்காக, நான் முதன்முதலில் பின்னியது அடர்சிவப்புச் செம்பருத்திக் கொத்து. பகலில் வாசலில் உட்கார்ந்து பின்னியபோது உயிருள்ள பூவைப் போலவே இருந்தது. கறுத்த தேக்கு அலமாரியின் மேல், ரெட் ஆக்சைடு தரைக்கு நேரே கொண்டுபோய் வைத்ததும் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பின்னணியும் சிவப்புச் சாயல் கொண்டதாக இருந்தது ஒரு காரணம். மற்றொன்று நம் கண்ணின் இயல்பு. வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு முதலில் கறுத்துப்போகும். நீலமும் பச்சையும் அதே வெளிச்சத்தில் சற்றுத் தெளிவாகத் தெரியும். செக் நாட்டு அறிவியலாளர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்ன இந்த உண்மையை, தாழ்வாரம் இறங்கிய நம் ஓட்டு வீடுகளில் மாலை ஐந்தரை மணிக்கே பார்க்கலாம். அப்படிப்பட்ட அறைக்குச் சங்குப்பூ நீலம், எலுமிச்சை மஞ்சள், சந்தன வெள்ளை ஆகியவை பொருந்தும்; சிவப்பு வேண்டும் என்றால் அடர்சிவப்பை விட்டுவிட்டு ஆரஞ்சு கலந்த வெளிர்சிவப்பை எடுங்கள்.

கோவை, திருப்பூர் அடுக்குமாடி வீடுகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. வெளிர்நிறச் சுவரும், பளபளக்கும் டைல்ஸ் தரையும், வெள்ளை எல்இடி விளக்கும் சேர்ந்த இடத்தில் குழந்தை உடைகளுக்கு எடுக்கும் வெளிர்ரோஜா, வெளிர்நீல நூல்கள் சுவரோடு கரைந்துவிடும். அங்கே அரக்கு, மயில்கழுத்து நீலம், நாவல்பழ நிறம் போன்ற ஆழமான நூல்கள் நன்றாக நிற்கும்.

இடத்துக்கும் நூலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. நூல்கண்டுகளை அந்த இடத்தில் வைத்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பு வேறு, பச்சை வேறு என்று நாம் நினைக்கும் இரண்டு நூல்கள் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணில் இதழும் இலையும் ஒட்டிப்போன ஒரு கட்டியாகவே படும். நிறப்பெயர் வேறுபடுவது மட்டும் போதாது. ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று ஆழமாகவும் இருக்க வேண்டும்.

இனி பூவுக்கு வருவோம். இதழின் நிறத்துக்குத்தான் எல்லோரும் நேரம் செலவிடுகிறார்கள். பூவை மெய்யாகக் காட்டுவதும் பொய்யாகக் காட்டுவதும் அதன் நடுவும் இலையுமே என்பது என் உறுதியான எண்ணம். மேட்டாங்காட்டில் பூத்திருக்கும் ஆவாரம்பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தூரத்தில் ஒரே மஞ்சளாகத் தெரியும் அந்த ஐந்து இதழ்களிலும் மெல்லிய ஆரஞ்சு நரம்புகள் ஓடுகின்றன. ஒரே மஞ்சள் நூலில் பின்னினால் அது பிளாஸ்டிக் பூவைப் போல இருக்கும். அடியில் ஒரு சுற்று மட்டும் ஆரஞ்சு சாய்ந்த மஞ்சளைச் சேர்த்தால் ஆவாரம்பூ ஆகிவிடும். செம்பருத்திக்குத் தொண்டைப் பகுதியில் இன்னும் ஆழமான சிவப்பும், நீண்டு நிற்கும் தண்டின் நுனியில் மஞ்சள் பொடியும் வேண்டும். தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் காடுகளில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கின் பூவான செங்காந்தள், மூன்று நிறங்களை ஒரே இதழில் காட்டுகிறது. மலரும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, நாள் செல்லச் செல்ல நுனியிலிருந்து ஆரஞ்சும் சிவப்புமாக மாறுவதால், ஒரே கொத்தில் வெவ்வேறு வயதுப் பூக்களாகப் பின்னி வைத்தால் அந்தக் கொத்துக்குத் தனி உயிர் வந்துவிடுகிறது.

இலைக்கான பச்சையில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். கடையில் முதலில் எடுத்துக் காட்டும் கிளிப்பச்சை, எந்தப் பூவோடும் சேராமல் தன்னை மட்டுமே காட்டிக்கொள்ளும். சாம்பல் படிந்த பச்சை, வேப்பிலைப் பச்சை, ஆலிவ் பச்சை ஆகிய மூன்றில் ஒன்றை, இதழ் நூலின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தேருங்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாரீஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் ஆழமாக ஏறவில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, அருகில் நெய்த நிறங்களே கறுப்பின் தோற்றத்தை மாற்றுகின்றன என்று கண்டறிந்து, 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். பவானி ஜமக்காளத்தின் பட்டைகளை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரே சிவப்பு நூல், பச்சைக்குப் பக்கத்தில் எரிவது போலவும் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அடங்கியும் தெரியும்.

ஆகவே நூல்கண்டுகளை அடுக்கி வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், ஓர் அட்டைத் துண்டில் சுற்றிப் பாருங்கள். பூவில் இதழ், நடு, இலை எந்த அளவில் வருமோ அந்த அளவிலேயே சுற்ற வேண்டும். இதழ் நூல் பன்னிரண்டு சுற்று என்றால், இலை நூல் ஐந்தாறு, நடு நூல் இரண்டு. கண்டாக இருக்கும்போது அளவுக்கு மீறித் தெரிந்த மஞ்சள், இரண்டு சுற்றாகக் குறைந்ததும் சரியாக அமைந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த அட்டையைப் பூ வைக்கும் இடத்தில் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என மூன்று வேளையும் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளை சந்தன நிறமாகும், நீலம் மங்கும்.

தலைவாசல் கதவு நிலைக்குத் தோரணம் பின்னுகிறவர்களுக்கு நிறம் தேடும் வேலையே இல்லை. பொங்கலுக்கு முன்னால் நம் வீட்டுக் கூரையில் செருகும் காப்புக் கட்டிலேயே பூளைப்பூவின் சாம்பல் வெண்மை, ஆவாரையின் மஞ்சள், வேப்பிலையின் பச்சை மூன்றும் அமைந்திருக்கின்றன. வெண்மையையும் பச்சையையும் மிகுதியாக வைத்து, மஞ்சளைக் குறைவாகச் சேர்த்தால் ஆண்டு முழுவதும் அலுக்காது.

நூலின் வகையும் நிறத்தை மாற்றும். கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலையே தருவார்கள். அதன் நிறம் பளிச்சென்று இருக்கும், சாயமும் எளிதில் கசியாது. பருத்தி நூலின் நிறம் சற்று அடங்கி நிற்கும், இதழும் விறைப்பாக நிற்கும். நான்கு இழைப் பருத்தி நூலும் 2.5 மி.மீ. ஊசியும் வீட்டு அலங்காரப் பூவுக்கு ஏற்றவை. பருத்தியில் அடர்சிவப்போ கருநீலமோ வாங்கினால், பின்னுவதற்கு முன் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். கறை பட்டால் தண்ணீர் தெளிவாகும்வரை நூலை அலசுங்கள்; உப்பு நீரில் ஊறவைத்தாலும், ஒட்டாமல் மிஞ்சிய சாயம் நூலில் நிலைத்துவிடாது.

ஒரே நிறத்தில் பல கண்டுகள் தேவைப்பட்டால், மேலுறையில் அச்சிட்டிருக்கும் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியைக் காட்டும் எண்) ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். நிற எண் ஒன்றாக இருந்தும் லாட் மாறினால், ஒரு கொத்தில் இரண்டு பூ மட்டும் வேறாகத் தெரியும். மீந்த நூலில் சிறிதளவை அந்த மேலுறையோடு சேர்த்து, வெயில் படாத பெட்டியில் எடுத்து வையுங்கள். சன்னலோரப் பூ வெளுத்துப்போகும்போது, முன்பு எப்படி இருந்தது என்பதை அந்த நூலே காட்டும்.