தப்பு நோட்டு: ஜிஆர்இ கணக்குக்கு நான் பயிற்சி செய்த விதம்

ஜிஆர்இ என்பது அமெரிக்கா போன்ற நாடுகளில் மேற்படிப்பில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு. அதன் கணக்குப் பகுதிக்காக முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய 900 கணக்குகள் போட்டேன். அன்றன்றைக்கு எத்தனை முடித்தேன் என்பதை நோட்டின் ஓரத்தில் எழுதிவைப்பேன். அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கவே தெம்பாக இருக்கும். தொடக்கத்தில் எழுதிய மாதிரித் தேர்வில் கணக்குப் பகுதியில் 170க்கு 152 வந்திருந்தது. 900 கணக்குகளுக்குப் பிறகு மறுபடி எழுதினேன், 154. அன்று இரவு பழைய நோட்டுகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இரண்டாம் வாரத்தில் செய்த தப்பையே பத்தாம் வாரத்திலும் செய்திருந்தேன். எண்கள்தான் வேறு வேறு. x² = 49 என்பது போல வந்த இடத்தில் எல்லாம் 7 போன்ற மிகை எண்ணை மட்டும் எழுதி, −7 போன்ற குறை எண்ணை விட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் பதினோரு இடம்.

நான் பட்டப்படிப்பில் எடுத்தது சமூகப்பணி. பள்ளியோடு கணக்கை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் புதுக் கணக்குகள் 300கூடப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் தேர்வில் 164 வந்தது. அந்த இரண்டாவது மூன்று மாதம் எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல நீண்ட இடைவெளிக்குப் பிறகு கணக்கைத் தொடுகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரிலிருந்து ஜிஆர்இ சிறியதாகிவிட்டது. கணக்கு இரண்டு பகுதிகளாக வரும். ஒன்றில் 21 நிமிடத்தில் 12 கேள்விகள், இன்னொன்றில் 26 நிமிடத்தில் 15 கேள்விகள். முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். மதிப்பெண் 130இலிருந்து 170 வரை. தப்பான விடைக்குக் கழிவு கிடையாது, அதனால் எதையும் காலியாக விட வேண்டாம். எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், புள்ளிவிவரமும் நிகழ்தகவும்: பாடம் இவ்வளவுதான். திரிகோணமிதி இல்லை, நுண்கணிதம் இல்லை.

எல்லாமே பள்ளியில் பார்த்தது என்பதால்தான் பலர் ஏமாறுகிறோம். தேர்வை நடத்தும் இடிஎஸ் தன் தளத்தில் கணக்கு மீள்பார்வை ஏடு ஒன்றை இலவசமாகத் தருகிறது. அதை ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள், இரண்டு வாரம் போதும். பவர்பிரெப் என்ற மாதிரித் தேர்வுகளும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை இப்போதே எழுதுங்கள். கடைசி வாரங்களுக்கு ஒன்றையாவது தொடாமல் வையுங்கள். நான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் முன்னாடியே எழுதித் தீர்த்துவிட்டேன். கடைசியில் தெரிந்த கேள்விகளையே மறுபடி எழுதியதால் அந்த மதிப்பெண்ணை நம்ப முடியவில்லை.

தப்பு நோட்டு

தனியாக ஒரு நோட்டு போடுங்கள். அதில் சரியான வழிமுறையை அழகாக எழுதிவைக்க வேண்டாம். அதை நான் செய்து பார்த்தேன், பயனில்லை, யாரோ போட்ட கணக்கைப் பிரதி எடுத்தது போலத்தான் இருந்தது. எழுத வேண்டியது, தப்பு நடந்த அந்த நொடியில் உங்கள் மனதில் ஓடிய வாக்கியம். உதாரணமாக என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது: "போகும்போது மணிக்கு 40 கி.மீ., வரும்போது 60, ஆகவே சராசரி 50 என்று நினைத்தேன். மெதுவாகப் போகும்போது நேரம் கூடுதலாக ஆகும் என்பதை யோசிக்கவில்லை." தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் போட்டால் போக 3 மணி, வர 2 மணி. 240 கி.மீ.க்கு 5 மணி, அதாவது சராசரி 48. இந்த நான்கு வரி இருந்தால் ஆறு வாரம் கழித்துப் பார்த்தாலும் அன்று எங்கே சறுக்கினேன் என்பது புரியும்.

ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதினேன்: படிப்பு, யோசனை, கை. கேள்வியைத் தப்பாகப் படித்தது படிப்பு. வழி தெரியாமல் போனது அல்லது தப்பான வழியில் போனது யோசனை. கூட்டல் கழித்தலில் வழுக்கியது கை. முதல் 60 தப்புகளை எண்ணினேன். 27 படிப்பு, 21 யோசனை, 12 கை. எனக்கு இது பெரிய அதிர்ச்சி. சூத்திரம் மறந்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று மூன்று மாதமாக நம்பியிருந்தேன். உண்மையில் கேட்டது 3x, நான் x கண்டுபிடித்து நிறுத்தியிருந்தேன். "மிகை முழு எண்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டுப் பின்னங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மருந்து சிறியதுதான். கணக்கைத் தொடுவதற்கு முன், கேட்டது எது என்பதைத் தாளின் மேல் எழுதி வட்டம் போடுவது. மூன்று விநாடி ஆகும். ஒரே மாதத்தில் என் "படிப்பு" தப்புகள் பாதியாகக் குறைந்தன.

யோசனைத் தப்புகளுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். விடை தப்பு என்று தெரிந்ததும் விளக்கத்தைத் திறக்காதீர்கள். சரியான விடை எது என்று மட்டும் பார்த்துவிட்டு, இன்னும் பதினைந்து நிமிடம் அந்தக் கணக்கோடு உட்காருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் விளக்கத்தின் முதல் வரியை மட்டும் படித்து மூடிவிடுங்கள், மீதியை நீங்களே போடுங்கள். முழு விளக்கத்தையும் படிக்கும்போது எல்லாமே புரிந்தது போல இருக்கும். நான்கு நாள் கழித்து வெற்றுத்தாளை எடுத்தால் இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடும்.

எனக்கு மிகவும் உதவிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒரு எண்ணை 7ஆல் வகுத்தால் மீதி 3, 5ஆல் வகுத்தால் மீதி 2. அப்படிப்பட்ட மிகச் சிறிய மிகை முழு எண் எது? நான் 7a + 3 = 5b + 2 என்று எழுதி, ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்களோடு முட்டிக்கொண்டிருந்தேன். விளக்கத்தின் முதல் வரி, 7ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எண்களை வரிசையாக எழுது என்றது. 3, 10, 17. சரி, 17ஐ 5ஆல் வகுத்தால் மீதி 2. அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தாமல் எண்களை மாற்றி, அதே கணக்கின் தம்பி தங்கைகளை நானே உருவாக்கினேன். அடுத்த எண் எது? 52, அதற்கடுத்து 87. ஒவ்வொன்றும் 35 தள்ளி வருகிறது, 7 × 5. சரி, எப்போதும் இரண்டையும் பெருக்கினால் போதுமா? 6ஆல் வகுத்தால் மீதி 1, 4ஆல் வகுத்தால் மீதி 3 என்று போட்டேன். 7, 19, 31. இடைவெளி 24 இல்லை, 12. அதாவது பெருக்குத்தொகை அல்ல, மீச்சிறு பொது மடங்கு. அப்புறம் 6ஆல் வகுத்தால் மீதி 1, 4ஆல் வகுத்தால் மீதி 2 என்று போட்டேன். அரை மணி நேரம் தேடியும் எண்ணே கிடைக்கவில்லை. பிறகுதான் பளிச்சென்று தெரிந்தது: முதல் நிபந்தனை ஒற்றை எண்ணைக் கேட்கிறது, இரண்டாவது இரட்டை எண்ணை. இப்படி ஒரு எண் இருக்கவே முடியாது. ஒரு தப்பிலிருந்து இவ்வளவும் வந்தது. அந்த ஒரு மாலை எனக்கு 40 புதுக் கணக்குகளை விடப் பெரியது. மீதி காணும் வகைக் கணக்குகளில் அதற்குப் பிறகு நான் தடுமாறியதாக நினைவில்லை.

தப்பான கணக்கை மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை, நோட்டைப் பார்க்காமல் வெற்றுத்தாளில் போடுங்கள். இரண்டு முறையும் வந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். ஒரு முறை தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. முதல் அரை மணி பழைய தப்புகளுக்கு, அடுத்த 40 நிமிடம் புதுக் கணக்குகளுக்கு, கடைசி 20 நிமிடம் நோட்டில் எழுத. நேரம் குறைந்த நாளில் புதுக் கணக்கை விட்டேன், பழையதை விடவில்லை.

ஒப்பீட்டுக் கேள்விகள்

ஜிஆர்இயில் வரும் ஒரு வகை இது. அளவு அ, அளவு ஆ என்று இரண்டு தருவார்கள். எது பெரியது, இரண்டும் சமமா, அல்லது தீர்மானிக்க முடியாதா என்று சொல்ல வேண்டும். நான்கு விடைகளும் எப்போதும் இதே வரிசையில் வரும்.

இங்கே 2, 3 என்று பழகிய எண்களை மட்டும் போட்டுப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒரு சின்னத் துண்டுத்தாளில் 0, 1, −1, ½, −½, 100 என்று எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன். x போன்ற மாறி வரும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் அவற்றைப் போட்டுப் பார்ப்பேன். x², x³ இரண்டையும் ஒப்பிடச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். x = 2 என்றால் 4, 8, இரண்டாவது பெரியது. x = ½ என்றால் ¼, ⅛, முதலாவது பெரியது. ஆகவே தீர்மானிக்க முடியாது. ஆனால் மேலே சிறிய எழுத்தில் x < 0 என்று இருந்தால் கதை மாறிவிடும். அப்போது x² எப்போதும் மிகை, x³ எப்போதும் குறை, முதலாவதுதான் பெரியது. நிபந்தனை வரியை விரலால் தொட்டுப் படிக்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்து வந்தது.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம். x ஆல் பெருக்கவோ வகுக்கவோ செய்தால், அது மிகையா குறையா என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அளவுகளிலும் வெறும் எண்கள்தான், மாறியே இல்லை என்றால் "தீர்மானிக்க முடியாது" என்ற விடைக்கு இடமே இல்லை. அதை உடனே அடித்துவிடுங்கள்.

வடிவியல் படங்களைக் கண்ணால் அளக்காதீர்கள். அவை அளவுப்படி வரையப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. செங்கோணம் போலத் தெரிந்ததைச் செங்கோணம் என்று எடுத்துக்கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு ஐந்து கணக்குகளை இழந்திருக்கிறேன். கேள்வியில் சொல்லியிருப்பதை மட்டும் வைத்து, அதே முக்கோணத்தை வேண்டுமென்றே கோணலாக ஒரு முறை வரைந்து பாருங்கள். எது கட்டாயம், எது தற்செயல் என்பது தெரிந்துவிடும். ஆய அச்சுகளும் புள்ளிவிவர வரைபடங்களும் அளவுப்படிதான் இருக்கும், அவற்றை நம்பலாம்.

வரைபடக் கேள்விகளில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஒன்று மட்டும்: 20 சதவீதம் 25 சதவீதம் ஆனால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 25 சதவீத அதிகரிப்பு. கேட்பது எது என்று பார்த்து எழுதுங்கள். அச்சில் உள்ள அலகையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பல விடைகளைத் தேர்வு செய்யும் கேள்விகளில் எல்லாச் சரியான விடைகளையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதி மதிப்பெண் கிடையாது. விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்வியில் பின்னத்தைச் சுருக்கத் தேவையில்லை, சமமான எந்தப் பின்னமும் சரிதான்.

கால்குலேட்டரும் கடிகாரமும்

திரையில் கால்குலேட்டர் இருக்கிறது. முதல் மூன்று வாரம் அதைத் தொடாதீர்கள். 84இல் 15 சதவீதம் என்றால், 10 சதவீதம் 8.4, அதில் பாதி 4.2, கூட்டினால் 12.6. மனதில் இது வருவதற்குள் கால்குலேட்டரைத் திறந்துகூட முடிக்க முடியாது. 20 வரை வர்க்கங்கள், 2இன் அடுக்குகள் 1024 வரை, ⅛ என்றால் 12.5 சதவீதம் என்பது போன்றவை கைக்கு வந்துவிட்டால் "கை" தப்புகள் தாமாகவே குறையும்.

கடிகாரத்தை ஆறு வாரம் கழித்துத்தான் வைத்தேன். அவசரத்தில் போட்டுப் பழகினால் அவசரம்தான் பழகும். அதற்குப் பிறகு 12 கேள்விகள், 21 நிமிடம் என்று அப்படியே உட்கார்ந்தேன். கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் நேரத்தைக் குறித்துவந்தேன். அதில் ஒன்று தெரிந்தது. ஒரு கேள்வி நான்கு நிமிடம் தின்றால், அதற்கு அடுத்த இரண்டு எளிய கேள்விகளும் தப்பாகியிருந்தன. அதனால் கேள்வியைப் படித்து இருபது விநாடியில் ஒரு வழியும் தோன்றவில்லை என்றால், ஏதாவது ஒரு விடையைக் குறித்து, திரும்பிப் பார்க்க அடையாளம் போட்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், விடையை மாற்றலாம்.

தாளை 12 கட்டங்களாகப் பிரித்து எண் போட்டு எழுதுங்கள். திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிராது. வீட்டிலிருந்தே தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே சாதாரணத் தாள் அனுமதி இல்லை, அழிக்கக்கூடிய சிறிய வெள்ளைப் பலகை அல்லது ஒளி ஊடுருவும் உறையில் இட்ட தாள்தான். பலகையில் எழுதிப் போடுவது வேறு மாதிரி இருக்கும், கடைசி மாதம் முழுவதும் அதிலேயே பழகுங்கள்.

கடைசி வாரத்தில் புதுக் கணக்கு எதுவும் எடுக்கவில்லை. என் நோட்டில் அடிக்கப்படாமல் பதினோரு வரிகள் மீதி இருந்தன. முந்தின நாள் காலையில் அவற்றை வெற்றுத்தாளில் போட்டேன். எட்டு வந்தது. வராத மூன்றும் நிகழ்தகவு, மூன்றிலும் "குறைந்தது ஒன்று" என்ற சொல் இருந்தது. 5 சிவப்புப் பந்து, 3 நீலப் பந்து, திரும்ப வைக்காமல் இரண்டு எடுத்தால் குறைந்தது ஒன்றாவது நீலமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது போன்றவை. ஒன்றுமே நீலமில்லாத வாய்ப்பைக் கண்டு 1இலிருந்து கழித்தால் போதும்: ⅝ × 4/7 = 20/56, ஆகவே விடை 36/56. தெரிந்திருந்தும் கை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டு சொற்களைக் கண்டதும் முதலில் தாளில் "1 −" என்று எழுதுவது என்று முடிவு செய்து, நோட்டை மூடிவைத்துவிட்டு நடக்கப் போனேன்.